கடைசிப் பக்கத்துக் கையெழுத்து

சந்திரகலா எந்தக் காகிதத்தையும் பின்னாலிருந்துதான் படிப்பாள். கல்யாணப் பத்திரிகையானாலும் சரி, மின்சார பில்லானாலும் சரி, முதலில் கடைசிப் பக்கம். திருச்சியில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு செய்த நாட்களில் ஒட்டிக்கொண்ட பழக்கம். "கையெழுத்து எங்க இருக்கோ அங்கதான் விஷயம் இருக்கு" என்பாள். அவள் கணவர் நாகராஜன், நல்லவேளையாகக் காதல் கடிதம் எழுதிக் கல்யாணம் செய்துகொண்டவர் அல்ல.

மேற்குச் சிட்னியில் ஒரு நீதிமன்றத்தின் பதிவகத்தில், மூன்றாம் கவுன்ட்டரில், பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். அவள் கைக்கு வருபவை பாதுகாப்பு ஆணைகள். ஏவிஓ என்றால் இந்த ஊரில் எல்லோருக்கும் புரியும். அடிப்பவனோ மிரட்டுபவனோ பின்தொடர்பவனோ இன்னாரிடமிருந்து இத்தனை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று மாஜிஸ்திரேட் போடுகிற உத்தரவு. அதை மாநிலம் முழுவதற்கும் பொதுவான கணினிப் பதிவேட்டில் ஏற்றுவதும், நகல் கேட்டு வருபவர்களுக்கு முத்திரை குத்திக் கொடுப்பதும் அவள் வேலை. இங்கே அவள் ஏற்றினால், எண்ணூறு கிலோமீட்டர் தள்ளி நெடுஞ்சாலையில் ஒரு காரை நிறுத்தும் போலீஸ்காரரின் திரையிலும் அது தெரியும். தப்பாக ஏற்றினால் தப்பும் அங்கே தெரியும்.

"கம்ப்யூட்டர் ரொம்ப வெகுளி. நாம என்ன சொன்னாலும் நம்பிடும்" என்பது அவள் கருத்து. அதனால் அதற்கும் சேர்த்து அவளே சந்தேகப்பட்டாள். கோபக்காரி வேறு. பிறந்த தேதிக் கட்டத்தைக் காலியாக விட்டு யாராவது படிவம் அனுப்பினால், அன்று ஸ்டேப்ளர் படும் பாடு பக்கத்து மேசைக்குக் கேட்கும்.

அவள் வீட்டுப் பெயர்க் குழப்பத்தை இங்கே சொல்லியாக வேண்டும். நம் ஊரில் ஒருவருக்கு ஒரு பெயர்தான், முன்னால் ஓர் இனிஷியல். இங்கே குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதைக் காலியாக விட முடியாது. ஆண்கள் அதில் அப்பா பெயரைப் போடுகிறார்கள், கல்யாணமான பெண்கள் கணவன் பெயரை. ஆகவே சந்திரகலா இங்கே மிஸஸ் நாகராஜன். நாகராஜனோ, அவருடைய அப்பா பெயரால், மிஸ்டர் பழனிச்சாமி. ஒரே வீட்டில் இருவர், இரண்டு குடும்பப் பெயர். பழனிச்சாமி மாமாவோ ஸ்ரீரங்கத்தைத் தாண்டி எங்கும் போகாதவர்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நாள் வீட்டுத் தொலைபேசி அடித்தது. "நாகராஜனா பேசுவது?" என்று ஒரு பெண் குரல். பதினைந்து வருடமாகப் பழனிச்சாமி, பழனிச்சாமி என்று அழைக்கப்பட்டு நொந்துபோயிருந்த மனிதரை, முதல் தடவையாக ஒருவர் சொந்தப் பெயரில் கூப்பிட்டதும் அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "ஆமாம், நான்தான்" என்றார். செவ்வாய் காலை பத்தரைக்குப் பரிசோதனை, தவறாமல் வரவும் என்றாள் அவள். ஆண் குரலாக இருக்கிறதே என்று கேட்பது மரியாதையில்லை என்று நினைத்தாளோ என்னவோ. நாகராஜன் அரை நாள் விடுப்புப் போட்டுக்கொண்டு போய், பத்துப் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்து, இது மார்பகப் பரிசோதனை நிலையம், அழைத்தது மிஸஸ் நாகராஜனை என்று தெரிந்துகொண்டு திரும்பி வந்தார். அந்தக் கதையைச் சந்திரகலா சொல்லிக் கேட்காத ஆள் அவர்கள் குடியிருக்கும் வென்ட்வேர்த்வில்லில் இல்லை.

ராகவி அந்தப் பதிவகத்துக்கு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை, மதியம் மூன்று மணிக்கு. யாழ்ப்பாணத்துப் பெண், முப்பத்து மூன்று வயது, வெஸ்ட்மீட் மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எண் சீட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவள், மூன்றாம் கவுன்ட்டரில் பொட்டு வைத்த முகத்தைப் பார்த்ததும் எழுந்து மறுபடி ஒரு சீட்டு எடுத்தாள். அந்த எண்ணும் மூன்றாம் கவுன்ட்டருக்கே வரும்போல இருந்தது. பக்கத்தில் இருந்த வயதானவரிடம் சீட்டை மாற்றிக்கொண்டாள்.

சந்திரகலா இதையெல்லாம் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கு வலித்தது. ஆனால் காரணம் புரியாதவள் அல்ல. தமிழ்ச் சனம் கொஞ்சம். கோயிலிலும் கடையிலும் பரதநாட்டிய அரங்கேற்றத்திலும் அதே முகங்கள். இங்கே சொன்ன விஷயம் அடுத்த வாரம் தோசைக்கு நடுவே பரிமாறப்படும் என்று ஒரு பெண் பயந்தால், அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது.

எவ்வளவு மாற்றியும் கடைசியில் எண் மூன்றாம் கவுன்ட்டரில்தான் விழுந்தது. ராகவி வந்து நின்று ஆங்கிலத்திலேயே பேசினாள். சந்திரகலாவும் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னாள்.

கேட்டது சின்ன விஷயம். அவளுடைய பாதுகாப்பு ஆணையின் முத்திரையிட்ட நகல் ஒன்று வேண்டும், மருத்துவமனைக் காவலர்களிடம் கொடுக்க. பிரிந்து வந்த பிறகு அவள் கணவன் லக்சன் மூன்று நாள் மாலையில் மருத்துவமனைக் கார் நிறுத்துமிடத்தில் அவள் காருக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறான். மூன்றாம் நாள் கார்க் கதவைத் திறக்கவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறான். அன்றிலிருந்து அவள் விடுப்பில் இருந்தாள். இப்போது இடைக்கால ஆணை கிடைத்துவிட்டது. அவளுடைய வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் நூறு மீட்டருக்குள் அவன் வரக் கூடாது. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் வேலைக்குத் திரும்புகிறாள்.

"மூன்று வாரம் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டேன். இனிப் போகலாம்தானே?" என்றாள்.

திரையில் எல்லாம் சரியாக இருந்தது. ஆணை பன்னிரண்டு நாளைக்கு முன் பிறப்பிக்கப்பட்டது. அன்று லக்சன் நீதிமன்றத்துக்கு வரவில்லை. வராதவனிடம் போலீஸ் நேரில் போய்க் கையளித்தால்தான் ஆணை அவனைக் கட்டும். அதுவும் இரண்டே நாளில் நடந்திருந்தது. 'கையளிக்கப்பட்டது' என்ற கட்டத்தில் பச்சை அடையாளம். சந்திரகலா நகலை அச்சிட்டு, முத்திரை குத்தி, கண்ணாடிக்குக் கீழே தள்ளினாள். தள்ளிய கையோடு, பழக்க தோஷத்தில், கோப்பின் கடைசிப் பக்கத்தைத் திரையில் திறந்தாள். போலீஸ் ஸ்கேன் செய்து அனுப்பிய கையளிப்புச் சீட்டு அது. பெற்றுக்கொண்டவரின் கையெழுத்து அழகான தமிழில் இருந்தது.

க. மகேந்திரராஜா.

அவள் கை தானாக நீண்டு, நகலைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்தது. ராகவியின் விரல்கள் அதன் மேல் இருந்தன.

"ஏதாவது பிரச்சினையா?"

ஆணையில் இருந்த பெயர் லக்சன் மகேந்திரராஜா. அவன் பெயர் லக்சன். மகேந்திரராஜா குடும்பப் பெயர்க் கட்டத்தை நிரப்பிய அப்பா பெயர். லக்சன் தமிழில் கையெழுத்துப் போட்டால் ம. லக்சன் என்றுதான் போடுவான். தன் அப்பாவின் பெயரை எழுதி, அதற்கு முன்னால் ஒரு 'க' போட அவனுக்கு என்ன தலையெழுத்து?

சந்திரகலா சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தித் தமிழில் கேட்டாள். "மகேந்திரராஜாங்கிறது உங்க மாமனாராம்மா?"

ராகவியும் தமிழுக்கு மாறினாள். "ஓம். இவற்ற அப்பா."

"அவரோட அப்பா பேரு 'க'வுல ஆரம்பிக்குதா?"

"கந்தையா. ஏன் கேக்கிறீங்கள்? உங்களுக்கு அவையைத் தெரியுமோ?" அவள் முகம் வெளிறிவிட்டது.

"தெரியாது. யாரையும் தெரியாது. உங்களையும் கடைத்தெருவில பார்த்தா தெரியாத மாதிரிதான் போவேன். சத்தியம். உங்க வீட்டுக்காரர் இப்ப யார்கூட இருக்கார்?"

"மாமாவோட. மாமி இல்லை. அவையள் ரெண்டு பேரும்தான்."

அவ்வளவுதான், சந்திரகலாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாசலில் போலீஸ். "மிஸ்டர் மகேந்திரராஜா?" உள்ளேயிருந்து ஒரு பெரியவர் வந்து, "ஓம், நான்தான்" என்றிருக்கிறார். பொய்யில்லை. அவர்தானே மகேந்திரராஜா! நாகராஜன் போய்ப் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்தாரே, அதே கதை. அன்று சிரித்தாள். இன்று சிரிக்க முடியவில்லை.

அவள் விஷயத்தைச் சொன்னாள். ராகவி கவுன்ட்டர் முன்னிருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"அப்ப இவருக்கு இப்பிடி ஒண்டு இருக்கெண்டே தெரியாதோ?"

"தெரியாம இருக்கலாம்னு பயப்படுறேன். மாமனார் கொடுத்திருப்பாரா?"

"குடுக்கமாட்டார்." ராகவி யோசிக்கவே இல்லை. "மாமா கூடாதவர் இல்லை. ஆனா மகன்ர பேர் கெட்டுப்போகக் கூடாதெண்டு எல்லாத்தையும் மூடி மூடியே வச்சவர். என்ர கையில காயம் வந்தாலும் கதவில பட்டதெண்டு அவர்தான் முதல் சொல்லுவார்." பிறகு குரல் உயர்ந்தது. "அப்ப இந்தப் பத்து நாளும் நான் சும்மா ஒரு பேப்பரை நம்பியே நித்திரை கொண்டனான்?"

ஆறுதல் சொல்வது சந்திரகலாவுக்குக் கைவராத கலை. "இங்கயே உட்காருங்க. எங்கயும் போயிடாதீங்க" என்று சொல்லிவிட்டு, மூன்றாம் கவுன்ட்டரின் மேல் 'மூடப்பட்டது' பலகையை வைத்தாள். பதினோரு வருடத்தில் வேலை நேரத்தில் அவள் அதை வைத்தது இதுவே முதல் தடவை.

மேலாளர் டெப்ரா நல்ல பெண்மணி, ஆனால் பச்சை அடையாளத்தில் அளவு கடந்த நம்பிக்கை உள்ளவர். திரையைப் பார்த்தார். "கையளித்தாயிற்று என்று போலீஸ் சான்று கொடுத்திருக்கிறார்கள், சந்திரா. கையெழுத்தை ஆராய்வது நம் வேலையில்லை. கிறுக்குபவர்கள் எத்தனை பேர்!"

"இது கிறுக்கல் இல்லை. தெளிவாகப் படிக்க முடிகிறது."

"உன்னால் முடிகிறது. நீ சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளர் இல்லையே. நீ படித்துச் சொன்னதை வைத்து நான் பதிவேட்டில் கை வைக்க முடியாது."

இது நியாயம்தான். நியாயமாக இருந்ததாலேயே சந்திரகலாவுக்கு எரிச்சல் மூண்டது. திங்கட்கிழமை ஏழு மணிக்கு ஒரு பெண் கார் நிறுத்துமிடத்தில் இறங்கப் போகிறாள். அவன் வந்து கதவைப் பிடித்தால், ஆணையை மீறினான் என்று வழக்குப் போட முடியாது. எனக்குச் சொல்லவே இல்லையே என்பான். உண்மையும் அதுவாகவே இருக்கும்.

அவள் நாகராஜன் கதையை எடுத்துவிட்டாள். டெப்ராவுக்கும் அது தெரிந்த கதைதான், மறுபடியும் சிரித்தார். "அந்த நாகராஜன்தான் இந்தக் கையெழுத்தைப் போட்டிருக்கிறார்" என்றாள் சந்திரகலா. டெப்ராவின் சிரிப்பு நின்றது.

"சீட்டில் பெற்றவரின் பிறந்த தேதி?"

"கட்டம் காலி. நான் ஒன்றும் மொழிபெயர்க்கப் போவதில்லை. கையளித்த போலீஸிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க அனுமதி கொடுங்கள்."

டெப்ரா தொலைபேசியை அவள் பக்கம் நகர்த்தினார்.

மறுமுனையில் வந்தது ஓர் இளம் பெண் கான்ஸ்டபிள். அந்த வீடு நன்றாக நினைவிருக்கிறது என்றாள். மிகவும் மரியாதையான மனிதர், தேநீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றாராம். பெயரைக் கேட்டதும் ஆமாம் என்று சொல்லி, கண்ணாடி எடுத்து வந்து நிதானமாகக் கையெழுத்துப் போட்டாராம்.

"அவருக்கு என்ன வயதிருக்கும்?" இதுதான் அந்த ஒரு கேள்வி.

"எழுபது? முடியெல்லாம் நரைத்து..."

"ஆணையில் உள்ளவருக்கு முப்பத்தெட்டு."

மறுமுனையில் அந்தப் பெண் மெல்லிய குரலில் ஏதோ சொன்னாள். இங்கே எழுதத் தகுந்த சொல் இல்லை. மன்னிப்புக் கேட்டாள். தன் வேலை நேரம் எட்டு மணி வரை இருக்கிறது, இன்றே திரும்பப் போகிறேன் என்றாள்.

சட்டப்படி டெப்ரா செய்ய வேண்டியதைச் செய்தார். பச்சை அடையாளம் போய், 'கையளிப்பு உறுதியாகவில்லை' என்று மஞ்சளில் வந்தது. குறிப்புகளுக்கான கட்டத்தில் சந்திரகலா தன் கையால் தட்டினாள்: 'இவர் பெயர் லக்சன். மகேந்திரராஜா என்பவர் இவருடைய தந்தை, அதே முகவரியில் இருக்கிறார். லக்சனைக் கேட்கவும். பிறந்த தேதியைச் சரிபார்க்கவும்.' அந்த நாலு வரியைக் கடைசியிலிருந்து ஒரு தடவை, முதலிலிருந்து ஒரு தடவை படித்துவிட்டு ஏற்றினாள்.

வெளியே வந்து நகலை ராகவியிடம் கொடுத்தாள். "இத வச்சுக்குங்க. இன்னிக்கு சாயங்காலம் போலீஸ் திரும்பப் போறாங்க. கையில கொடுத்ததும் உங்களுக்கு ஃபோன் வரும். அந்த ஃபோன் வராம திங்கட்கிழமை வேலைக்குப் போகாதீங்க."

ராகவி நகலை மடிக்காமல் பைக்குள் வைத்தாள். "உங்களைக் கண்டிட்டு நான் நம்பரை மாத்தினனான்" என்றாள்.

"பார்த்தேன். ரெண்டு தடவை."

"மூண்டு தரம்." அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "வேற ஆரும் இதைப் பாத்திருந்தா விளங்கியிராது என்ன?"

சந்திரகலா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நேரமாகிறது போங்கள் என்று அதட்டினாள்.

பதிவேட்டை வீட்டிலிருந்து பார்க்க முடியாது. அந்த விதி நல்ல விதி. ஆனால் அந்த வார இறுதியில் அவள் அதைச் சபித்தாள். நாகராஜனிடம் விஷயத்தைச் சொல்லவும் முடியாது. சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று, "யாராவது வாசல்ல வந்து நாகராஜனான்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்றாள்.

"ஆமான்னு சொல்லுவேன். வேறென்ன சொல்றது?"

"சொல்லாதீங்க. எதுக்குன்னு முதல்ல கேளுங்க!" என்று கத்தினாள். மனிதர் கரண்டியோடு விழித்தார். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவர் எதற்கும் ஆமா சொல்லவில்லை.

திங்கட்கிழமை வழக்கத்துக்கு ஒரு ரயில் முன்னாலேயே ஏறினாள். வெஸ்ட்மீட்டில் கதவு திறந்தபோது, மருத்துவமனை அட்டையைக் கழுத்தில் மாட்டிய கூட்டம் இறங்கிப் போவதைக் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். ராகவி காரில் வருபவள் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. பதிவகத்தில் இன்னும் விளக்குக்கூடப் போடவில்லை. பையைத் தோளிலிருந்து இறக்காமல் திரையைத் திறந்தாள்.

பச்சை. வெள்ளி மாலை ஆறு ஐம்பத்திரண்டு. ஆணைக்குரியவரிடமே நேரில் கையளிக்கப்பட்டது, ஓட்டுநர் உரிமத்தில் பிறந்த தேதி பார்க்கப்பட்டது, நிபந்தனைகள் வாசித்துக் காட்டப்பட்டன. கீழே கான்ஸ்டபிள் இன்னொரு வரியும் எழுதியிருந்தாள். தந்தை உடனிருந்தார். முதலில் வந்த காகிதங்களைத் தான் வாங்கி மகனிடம் கொடுக்காமல் வைத்திருந்ததாகத் தாமாகவே சொல்லி, அவற்றைத் திருப்பித் தந்தார்.

சந்திரகலா அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். போலீஸ் கேட்காமலே அந்தப் பெரியவர் ஒன்றைத் திறந்து காட்டியிருக்கிறார். அவர் மேல் மூன்று நாளாக வைத்திருந்த கோபத்தை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்த வாரமே டெப்ரா அவளை உட்காரவைத்து அரைப் பக்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதச் சொன்னார். அப்பா பெயரைக் குடும்பப் பெயராக வைப்பவர்கள் தமிழர் மட்டும் இல்லை, எத்தியோப்பியரும் உண்டு, குடும்பப் பெயரே இல்லாத பர்மியரும் உண்டு என்று மற்ற கவுன்ட்டர்களில் இருந்தவர்கள் ஆளுக்கொன்றாகச் சேர்த்தார்கள். அரைப் பக்கம் இரண்டு பக்கமானது. கையளிப்புச் சீட்டில் பெற்றவரின் பிறந்த தேதி இல்லாவிட்டால் இனி அந்தப் பதிவகத்தில் பச்சை அடையாளம் விழாது. ஸ்டேப்ளருக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது.

ஐந்து வாரம் கழித்து ஒரு புதன்கிழமை. நாற்பத்தேழாம் எண் இரண்டாம் கவுன்ட்டருக்கு அழைக்கப்பட்டது. யாரும் போகவில்லை. மறுபடி அழைத்தார்கள். பின்வரிசையில் மருத்துவமனைச் சட்டையோடு இருந்த ஒரு பெண் கையிலிருந்த சீட்டைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு, அவருடைய சீட்டை வாங்கிக்கொண்டாள். இரண்டு பேர் போன பிறகு மூன்றாம் கவுன்ட்டர் காலியானது. ராகவி எழுந்து நேராக வந்தாள்.

"தாரிணியின்ர பாலர் பள்ளிக்கு ஒரு கொப்பி வேணும் அக்கா" என்றாள், தமிழில், குரலைத் தாழ்த்தாமல். கொப்பி என்றது ஆணையின் நகலை. தாரிணி அவளுடைய நான்கு வயது மகள்.

"வேலைக்குப் போறீங்களா?"

"அந்தத் திங்கக்கிழமையில இருந்தே போறன்." பிறகு கண்ணாடிக்கு அருகில் வந்தாள். "ரெண்டாம் வாரம் இவர் வந்தவர். கார் பார்க் கேற்றடி வரைக்கும். காவல்காரர் நீங்கள் சீல் குத்தின பேப்பரைக் காட்டி, இதைத் தெரியுமோ எண்டு கேட்டவராம். தெரியும் எண்டு சொல்லிப்போட்டு, காரைத் திருப்பிக்கொண்டு போட்டார். பிறகு வரேல்லை."

'தெரியும்.' அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அந்த வெள்ளிக்கிழமை பட்ட பாடெல்லாம். சந்திரகலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கத் தோன்றாமல் பொட்டு கலைய முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் சந்தோஷமாக இருந்தாள்.

நகலை அச்சிட்டாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, ம. லக்சன் என்ற கையெழுத்தையும் பிறந்த தேதியையும் பார்த்தாள். முத்திரையைக் குத்தி, இந்தத் தடவை இழுக்காமல் கொடுத்தாள்.

"போட்டு வாறன் அக்கா."

"இங்க திரும்ப வரவேணாம். நல்லா இருங்க."

ராகவி இரண்டடி போய்த் திரும்பினாள். "சனிக்கிழமைகளில நானும் தாரிணியும் வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனடியில கொத்துரொட்டி சாப்பிட வாறனாங்கள். அங்க என்னைக் கண்டா, தெரியாத மாதிரிப் போகாதேங்கோ."

"போக மாட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சந்திரகலா அடுத்த எண்ணை அழுத்தினாள்.